முழங்காலுக்கு வைத்த ஐஸ்

திருவொற்றியூரில் ஒரு மைதானத்தின் ஓரமாக மீன் விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால்பந்து ஆடுவார்கள். எங்கள் குப்பத்துக்காக ஆடும் ஒருவன்தான் எனக்கு ஹீரோ. வாரமெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், பந்து காலில் பட்டதும் வேறு ஆளாகிவிடுவான். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். கூச்சத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தூக்கிவந்து என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முழங்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. மீனுக்கு அடியில் கிடந்த ஐஸை வாரித் துணியில் கட்டி, அதன்மேல் வைத்துப் பிடித்தேன்.

"இன்னா ஆயா, என்னியும் வஞ்சிரம்னு வித்துடுவியா?" என்று சிரித்தான். கிட்டத்தில் பார்த்தால் காதோரமெல்லாம் நரை.

"ஐஸ் வச்சாச்சில்ல, எயுந்துரு மாமு. நீ இல்லன்னா நம்ம டீமு காலி," என்றார்கள் கூட ஆடுகிறவர்கள். அவனும் எழப் பார்த்தான். மறுநாள் மூட்டை தூக்க வேண்டிய கால் அது.

"போதும் நைனா. வூட்டுக்குப் போ," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது. கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.

"பேஜாரு பண்ட்டியே ஆயா!" என்று என்னைத்தான் திட்டினார்கள்.

அன்றைக்குத் தோற்றோம். இந்த ஞாயிறு அவன் வரவில்லை, இனி ஆட மாட்டானாம். எதிரே ஆட்டம் நடந்தது. நான் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.