குடியம் குகைக்கு ஒரு வேன்

வேன் ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மற்றவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு. வாரம் முழுக்க கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆள் ஏற்றுகிறேன். ஞாயிறன்று, ஆதிமனிதர்கள் தங்கிய குடியம் குகைக்கு சவாரி. நானே பேசிப் பிடித்தது. வனக்காவலர் ஒரே கண்டிஷன் போட்டார்: என் ஆட்கள் பாறையில் ஒரு கோடு கிழித்தாலும் அதோடு என் வண்டி உள்ளே வராது. சவாரி ஏற்றிப் பிழைக்கும் சகோதரர்களே, வினை எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்கார்ந்து வரும்.

சுண்ணாம்பு

குமார் இரும்பு கம்பெனியில் ஃபிட்டர். வாடகை பேரத்தில் என்னையே மடக்கியவன். முள்ளுக்காட்டில் வெகுதூரம் நடந்து, குகைக்குள் அண்ணாந்து பார்த்து, "மான் படம் எங்க? டிவில காட்டுனானே?" என்றான். "இங்க படம் கிடையாது, கல்லாயுதம்தான் செஞ்சாங்க" என்றேன். எனக்கு ஏற்கெனவே சூடு ஏறியிருந்தது. அவன் அசரவில்லை.

"ஊட்டுக்கு சுண்ணாம்பு கூட அடிக்காத ஆளுங்கள பாக்கவா இம்மாந்தூரம் இட்டுகினு வந்த, நைனா?"

கடலோரம்

ஒரு ஞாயிறு, பழவேற்காட்டிலிருந்து மீன் விற்கும் கன்னியம்மா குகையிலிருக்கும் அம்மனைக் கும்பிட வந்தார். பக்கத்து சீட்டில் ஒரு சரித்திர வாத்தியார். ஆதிமனிதன் கடலோரக் குகைகளிலும் குடியிருந்தான், செம்மண் குழைத்துச் சுவரில் கை பதித்தான் என்று வழியெல்லாம் பாடம். கடைசி சீட்டில், மறுபடியும் வந்திருந்த குமார் வாய் பிளந்து கேட்டான். கன்னியம்மா பூக்கூடையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"கடலாண்ட குகை இருந்தா, புயலுக்கு நாங்க ஏன் சார் இஸ்கூல்ல போய் படுக்கறோம்?"

கை

அடுத்த வாரமும் குமார் வந்தான், கையில் ஒரு பையோடு. மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். அவன் மட்டும் வண்டிக்குப் பின்னால் நின்றான். போய்ப் பார்த்தால், இரும்பு கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பா. உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. "டேய்! இன்னா வேலைடா பாக்குற? என் பொழப்புல மண்ணப் போடவா வந்த?" என்று நான் போட்ட சத்தத்தில் தடுமாறி, என் வெள்ளை வேன் கதவில் கையை ஊன்றினான். ஐந்து விரலும் அச்சாக விழுந்தன. வனக்காவலர் ஓடி வந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார். குமாருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

"நம்ம கையும் ஒரு நாளைக்கு பழசாவும்ல, அண்ணா?"

கதவுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. குகையில் ஓவியம் எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு இப்போது அதைத்தான் காட்டுகிறேன்.