கறையானுக்குப் பயந்த வேலி

வேலி அடைப்பதில் வலிகாமத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கேதீஸ்வரனுக்கு ஒரு நினைப்பு இருந்தது. கல்யாணப் பேச்சின்போது மாமனார் உத்தியோகத்தைக்கூட விசாரிக்கவில்லை, வேலியைத்தான் பார்த்தார் என்பான். வேலிக்கு மேலால் வீட்டை எட்டிப் பார்த்தார் என்று மனைவி கீர்த்திகா திருத்துவாள்.

அளவெட்டியில் மாடிக் கட்டடம் எழும்பும் காணியொன்றில் அவன் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். அத்திவாரம் வெட்டிய செம்மண் அங்கே குவிந்து கிடந்தது. பக்கத்துப் பள்ளக்காணியில் பராசக்தியக்காவின் கிணறு. கட்டு உயரமில்லாத கிணறு. அந்த ஒழுங்கைக்கே குடிதண்ணீர் அதுதான். மழையில் மண் கரைந்து கிணற்றுக்குள் போகாமலிருக்க, மாரி தொடங்கமுன் குவியலைச் சுற்றித் துணித் தடுப்பு அடிக்கச் சொன்னாள் எஞ்சினியர் லவீனா.

"சின்னக் கிடங்கு கிண்டி, துணியின்ரை அடியை மண்ணுக்குள்ளை தாட்டுப்போடுங்கோ அண்ணை."

"எனக்கே வேலி அடைக்கக் காட்டித்தரப் போறீரோ பிள்ளை?" என்றவன், பராசக்தியக்காவிடமும் வாக்குக் கொடுத்தான். "ஒரு துளி சேறும் வராதக்கா. நான் பொறுப்பு."

தடி நட்டு, வரிச்சுப் பிடித்து, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினான். அடியை மட்டும் நிலத்தில் முட்டவிடாமல் நாலு விரல் தூக்கிவிட்டான். மண்ணில் முட்டினால், அவன் வழக்கமாக வேலிக்குக் கட்டும் தென்னோலைக் கிடுகைக் கறையான் அரித்துவிடுமல்லவா? இது கிடுகில்லை, பிளாஸ்டிக் துணி என்று தலைக்குத் தெரிந்துதான் இருந்தது. வேலி என்று வந்தால் தலையை யார் கேட்டது என்பான் இப்போது.

முதல் மழையே பேய்மழை. குடையோடு போய்ப் பார்த்தான். வேலி அசையவில்லை. அவனும் பெருமையோடு நின்றான், காலடியில் சேறு குளிரும்வரை. குனிந்து பார்த்தால், வேலிக்கு அடியால் செம்மண் தாராளமாகப் பராசக்தியக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்வெட்டிக்கு ஓடினான், வழுக்கி விழுந்தான், எழும்பி மண்ணை வெட்டிப் போட்டான். பிந்திவிட்டது.

மழை விட்டதும் பராசக்தியக்கா வழக்கம்போலக் கூப்பிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

"தேத்தண்ணி நல்ல சாயமாக் கிடக்கு, அக்கா."

"தேத்தண்ணி இல்லைத் தம்பி. கிணத்துத் தண்ணி."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. துணியின் அடியை முழுக்கத் தாட்டான். கிணற்றை இறைத்து, ஊற்றுத் தெளியும்வரை ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் தானே தண்ணீர் சுமந்தான். பராசக்தியக்கா ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அவளோ வாளியை வாங்கும்போதெல்லாம் துணி வேலிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"என்ன இருந்தாலும், வேலி வடிவாத்தான் நிக்குது தம்பி."