சீப்பு யார் கையில்

சலவைக்கடையில் அவளுக்கு மேஸ்திரி என்று பேர். பதவி ஒன்றும் இல்லை; இஸ்திரி போடுகிறவள்தான். ஆனால் பக்கத்து மேசைக்காரி காலரை அரைகுறையாகத் தேய்த்து வைத்தால், அதைப் பிடுங்கித் தானே தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. எடுத்ததைப் பாதியில் விடுவது அவள் அகராதியிலேயே கிடையாது.

தங்கையையும் அப்படித்தான் வளர்த்தாள். அம்மா போனபின் குளிப்பாட்டியது, ஊட்டியது, தலை பின்னியது எல்லாம் அவள்தான். அந்த நீளக் கூந்தலை வேறொரு கை தொட்டதில்லை என்பதில் மேஸ்திரிக்கு ஏகப்பட்ட கர்வம்.

போன வருஷம், தங்கை வேலை பார்த்த கடையின் முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டு அவளைப் பலாத்காரம் செய்தான். புகார் கொடுத்தார்கள், ஆள் உள்ளே இருக்கிறான், வழக்கு நடக்கிறது. தங்கை மனநல டாக்டரிடம் போய் வருகிறாள். கொஞ்சம் தூங்குகிறாள், கொஞ்சம் சாப்பிடுகிறாள். அக்காவை மட்டும் கிட்டே விடுவதில்லை. மேஸ்திரி, "குடு இங்க" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றால் போதும், தங்கையின் உடம்பு விறைத்துப்போகும். எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் தலை பளபளவென்று வந்து நின்றாள்.

"யாரு வாரிவிட்டா?"

"தெருமுனை சலூன் அக்கா."

அக்காவாம். மேஸ்திரிக்கு வயிறு பற்றி எரிந்தது. தூக்கி வளர்த்தவள் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்க, எவளோ ஒருத்தி அக்காவாகிவிட்டாள். அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. "அவளே வந்து ஆக்கியும் போடட்டும்" என்று அடுப்பிடம் சொன்னாள். தங்கை தேறுகிறாளே என்று ஒரு மனசு குளிர்ந்தது உண்மை. இன்னொரு மனசு, ஏன், என்கிட்டே தேறக் கூடாதா என்று கேட்டது. அந்த இரண்டாவது மனசுக்குத்தான் வாய் நீளம்.

அப்படி என்ன சொக்குப்பொடி போடுகிறாள் பார்த்துவிடலாம் என்று, அடுத்த தடவை தங்கை சலூனுக்குக் கிளம்பியபோது பின்னாலேயே போனாள். போனது சண்டைக்குத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள்.

சொக்குப்பொடி ஒன்றும் தென்படவில்லை. சீப்பு தங்கை கையில் இருந்தது. சலூன்காரி பக்கத்தில் சும்மா நின்றாள். தங்கை சீப்பை நீட்டியதும் வாங்கி வாரினாள். கொஞ்ச நேரத்தில் தங்கை கையை நீட்டினாள். சலூன்காரி சிக்கைப் பாதியில் விட்டு, சீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துண்டு மடிக்கப் போய்விட்டாள். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. தங்கை மூச்சு சீரானதும் தானாகவே மறுபடி நீட்டினாள்.

அவள் போனபின் மேஸ்திரி உள்ளே புகுந்தாள். "பாதியில பாதியில விடுறீங்களே, இதெல்லாம் ஒரு வேலையா?"

சலூன்காரி கூட்டுவதை நிறுத்தவில்லை. "முதல் நாள் தலையில கை வெச்சதும் நடுங்கிட்டா. சீப்பை அவ கையிலயே குடுத்து, நீ நீட்டுனா வாருறேன், கேட்டா நிறுத்திடுறேன்னு சொன்னேன். அவ்வளவுதான்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானா அந்த அக்கா? எங்கக்கா பின்னுற மாதிரி இல்லைன்னு வர்றப்பெல்லாம் என் உயிரை வாங்குறா. எனக்கே எரிச்சலா இருக்கும்."

மேஸ்திரி வந்த வழியே திரும்பினாள். வீடு வரும்வரை, தான் பிடுங்கிய சீப்பே கண்ணுக்குள் நின்றது. பாசத்தில்தான் பிடுங்கினாள். ஆனாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான். சலூன்காரிமேல் பொறாமை மட்டும் இறங்கவில்லை; அந்தப் பாவி நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

மறுநாள் காலையில் சீப்பைத் தங்கை கையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேணும்னா குடு. வேணாம்னா வெச்சுக்கோ."

தங்கை சீப்பின் பற்களை நெருடிக்கொண்டே இருந்தாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் சீப்பு நீண்டது.

சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, இடுப்புவரை பின்னியிருப்பாள். தங்கையின் கை பின்பக்கம் நீண்டது. சலூன்காரி ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராத பின்னல். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மேஸ்திரியின் விரல்கள் துடித்தன. பின்னலை விட்டுவிட்டுச் சீப்பைக் கொடுத்தாள்.

தங்கை சீப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "மீதியை சாயங்காலம் போடுறியாக்கா?"

"சரி" என்றாள் மேஸ்திரி. அன்று இஸ்திரிப் பெட்டியோடு நின்றவளுக்குச் சாயங்காலம் வருவதாகவே இல்லை.