ராசாத்தாள் போட்ட டீ

மதுக்கரைப் பக்கம் எந்த வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாலும் பதினோரு மணி டீயில் முதல் வாய் ராசாத்தாளுக்குத்தான். இருபத்திரண்டு வருசமாகச் சித்தாள் வேலை. அவள் ஒரு மடக்கு குடித்துத் தலையாட்டினால்தான் மற்றவர்கள் டம்ளரைத் தூக்குவார்கள். கிணத்துக்கடவில் ஒருமுறை, "ஏனுங்க ஊட்டுக்காரம்மா, சுடுதண்ணிக்குச் சாயம் போட்டுக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டே விட்டாள். அந்தம்மா முகம் சுண்டிப் போய் மறுபடி போட்டுக் கொடுத்தார். வாய் என்றால் அப்படி ஒரு வாய்!

அந்த வாய்தான் இன்று உலர்ந்து கிடந்தது. இன்று கான்கிரீட் அவளுடைய வீட்டுக்கு. வந்திருப்பதும் அவளுடைய அதே செட்டு, பதினாறு பேர். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற மேஸ்திரி மயில்சாமியிடம், "எங்கூட்டு வேலைக்குக் கடை டீயா? நானே போடறனுங்க" என்று வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது. டீ சொதப்பினால் இத்தனை வருசத்துக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று கல் கூட்டிப் பாலை வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, தூளும் போட்டாள். அந்நேரம் பார்த்து மிக்சர் மெஷின் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. கலவைச் சட்டி சுமக்கும் வரிசையில் ஓர் ஆள் குறைச்சல். அவளுக்குக் கை சும்மா இருக்குமா? 'ரெண்டே சட்டி' என்று சும்மாட்டைத் தலையில் வைத்தவள், இருபது சட்டி தூக்கிய பிறகுதான் அடுப்பை நினைத்தாள். ஐயோ! பாதி டீ பொங்கி வழிந்துவிட்டது. மீதி சுண்டிக் கறுத்துக் கிடந்தது.

மெஷின் நின்றது. எல்லோரும் வழக்கம்போல அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு மடக்கு குடித்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"கசாயமுங்க. வேற ஊடா இருந்தா கிழிச்சுப்போட்டிருப்பேன்."

செட்டே விழுந்து விழுந்து சிரித்தது. "நீங்க சட்டி தூக்கப் போயிட்டா டீய யாருக்கா பாக்கறது?" என்றாள் கூட வேலை செய்யும் அன்புச்செல்வி.

மயில்சாமி சும்மாட்டைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நாலு மணி டீ முடியற வரைக்கும் நீங்க அடுப்ப உட்டு நகரக் கூடாதுங்க."

மறுபடி பால் வாங்கி வந்தாள். மெஷின் சத்தம் கேட்கக் கேட்கக் கை பரபரத்தது. அசையவில்லை. நாலு மணிக்கு முதல் டம்ளரை அன்புச்செல்வியிடம் நீட்டினாள். அவள் ராசாத்தாளைப் போலவே கண்ணை இடுக்கி, வேண்டுமென்றே மெதுவாக ஒரு மடக்கு குடித்தாள்.

அன்புச்செல்வி தலையாட்டினாள். மற்றவர்கள் டம்ளரைத் தூக்கினார்கள்.

"இன்னொரு டம்ளர் ஊத்துங்க, ஊட்டுக்காரம்மா" என்றாள் அன்புச்செல்வி.

ராசாத்தாள் டம்ளர் நிறைய ஊற்றினாள். இருபத்திரண்டு வருசமாக அந்தப் பேர் சொல்லி அவள்தான் மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.