மாமனார் ஊர் ஸ்பீக்கர்

வேதாரண்யம் பக்கத்துக் கடலில் மார்கழி மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. எங்கள் ஊர் ஃபைபர் படகுகளில் திசைகாட்டி கிடையாது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் கரை. யாரும் வழி தவறியதில்லை.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் நான். துபாய்க்குப் போன இரண்டாம் வருஷம், மாமனார் ஊர்க் கோயிலுக்கு நான்கு கூம்பு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். சொந்த ஊரில் பேர் வாங்கி என்ன ஆகப்போகிறது? மாமனார் ஊரில் வாங்கினால்தான் கெத்து. அந்த ஊர் எங்களுக்கு வடக்கே இரண்டு மைல். பெரிய விசைப்படகுகள் கரை சேர்வது அங்கேதான்.

அந்த மார்கழியில் லீவுக்கு வந்திருந்தேன். தம்பிக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்; அதற்குப் பிறகு அவன் முதன்முதலாகக் கடலுக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். விடிந்து திரும்பும்போது பனி மூடிக்கொண்டது. பாட்டு கணீரென்று கேட்டது. தம்பி அந்தப் பக்கமே படகைத் திருப்பினான். வெகுதூரம் வந்த பிறகு பாட்டு முடிந்தது. ‘ஸ்பீக்கர் உபயம்’ என்று என் பேரைச் சொன்னார்கள். துபாய் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

“அடப்பாவி அண்ணே, இது உன் மாமனார் ஊரு!” என்றான் தம்பி.

இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தோம். விசைப்படகுச் சத்தம். எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அடுத்த பாட்டு ஆரம்பித்து எங்களைவிட நன்றாகக் கத்தியது. வீட்டுச் சுவர் மாதிரி ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து, ஒரு முழம் தள்ளிப் போனது. அது கிளப்பிய அலையில் பாதிப் படகு நிரம்பியது. தம்பி பிள்ளையை நினைத்து வாய்விட்டு அழுதான். நான் தண்ணீரை இறைத்தேன்.

அங்கேயே கரையேறி, ஈரக் கைலியோடு நேரே அந்த ஊர்க் கோயிலுக்குப் போனேன். கோயில் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க மாப்ளே! உங்க புண்ணியத்துல இப்பல்லாம் பனியிலகூட நம்ம விசைப்படகுங்க வேகத்தைக் குறைக்கிறதே இல்லீங்க. அவ்வளவு தெளிவா வழி தெரியுது.”

மேலே ஏறி நான்கு வயரையும் அறுத்தேன். ஓடிவந்த மாமனார் கீழே நின்று கும்பிட்டுப் பார்த்தார், அப்புறம் கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த லீவுக்கு வந்தபோது, மாமனார் வீட்டில் என்னை ‘வாங்க’ என்று சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டில் தம்பி இருந்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.