திருவிழா முடியட்டும்

குமுதாவுக்கு ஊர் வாய் என்றால் பயம். சிம்பாங் பூலாயில் கையுறை ஆலையில் வேலை. சூப்பர்வைசரையே நேருக்கு நேர் கேட்டு லீவு வாங்குகிறவள். ஆனால் கோயிலில் நாலு பெண்கள் ஒதுங்கி நின்று குசுகுசுத்தால் போதும், அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அவள் தம்பி தனேஸ்வரன் தஞ்சோங் மாலிமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கூட வேலை செய்யும் கூட்டாளிகள் அவனைக் காடியில் ஏற்றிவந்து அக்காள் வீட்டில் விட்டுப் போனார்கள். யாரோ விடாமல் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு கேண்டீன் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தானாம். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மருந்தை நிறுத்தாமல் சாப்பிட்டால் எல்லாரையும் போல இருக்கலாம் என்றும் சொன்னார். குமுதாவின் காதில் விழுந்தது வேறு. பேராக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும், யாராவது கொஞ்சம் கோணலாகப் பேசினாலே ‘இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. எத்தனையோ பேரை அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான் அவளும்.

அதனால் தம்பிக்கு முதுகுவலி என்று ஊருக்குச் சொன்னாள். பக்கத்து ஈப்போ டவுனில் வாங்கினால் யார் கண்ணிலாவது படும் என்று ஆயர் தாவார் வரை போய் மருந்து எடுத்தாள். அங்கேயும் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், தனக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்ததாகச் சொல்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மருந்து என்னவோ வேலை செய்தது. தனேஸ்வரன் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டினான், பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பெயர் வைத்தான், நன்றாகத் தூங்கினான்.

அவர்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். தோட்டத்துச் சனம் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். அம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குச் சிதறிப்போன சனம் காடி காடியாக வந்து இறங்கும். ஒரு வருடம், மருந்து தீர்ந்து போயிருந்த சமயத்தில் திருவிழா வந்தது. உறுமி அடிக்க அடிக்கத் தனேஸ்வரனுக்குக் காதுக்குள் திட்டு கூடியது. உடம்பு நடுங்க அவனும் திருப்பிக் கத்தினான். கோயில் தலைவர் கார்த்திகேசு ஓடிவந்து அவன் கையில் வேப்பிலையைக் கொடுத்துத் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். ஆத்தா வந்துவிட்டாள் என்று சனம் காலில் விழுந்தது.

உண்மையாக அருள் வருகிறவர்கள் இருக்கலாம், நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. தனேஸ்வரனுக்கு வந்தது அது இல்லை. வீட்டில் கத்தினால் பைத்தியம், உறுமிக்கு நடுவே கத்தினால் ஆத்தா. நம் சனத்தின் கணக்கு அப்படி. குமுதா அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. குசுகுசுத்த அதே பெண்கள் அன்று பந்தியில் அவளை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். அந்தச் சோறு அவளுக்கு ருசித்தது.

அடுத்த வருடம் அவன் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தான். உறுமிக்காரர்களுக்குக் கை ஓய்ந்ததே தவிர, ஆத்தா வரவில்லை. கார்த்திகேசு குமுதாவை ஏமாற்றுக்காரியைப் போலப் பார்த்தார். அந்தப் பார்வை அவளை ஒரு வருடம் அரித்தது. மூன்றாம் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாத்திரையை எடுத்து ஒளித்துவிட்டாள்.

“மாத்திர எங்கக்கா?” என்று கேட்டான் தம்பி.

“திருவிழா முடியட்டும்லா. ஒரு வாரந்தானே.”

அக்காளை எதிர்த்துப் பேசிப் பழகாதவன் அவன். அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை. சமையலறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குமுதா பார்த்தாள். பார்த்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

திருவிழாவில் நினைத்தபடியே நடந்தது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, காலில் விழும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நவமணி என்ற பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மகளுக்கு இருபது வயது இருக்கும், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உறுமி நின்றது.

“தாயே, இவளுக்குக் காதுல என்னமோ கேக்குதாம். ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துருக்காங்க. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, இன்னிக்கே நிறுத்திடுறேன்.”

தனேஸ்வரன் அந்தப் பெண்ணையே பார்த்தான். பிறகு கூட்டத்துக்குள் அக்காளைத் தேடினான்.

“அக்கா, என் மாத்திரயக் குடுக்கா. ரொம்பத் திட்டுறாங்க. முடியல.”

ஆத்தா ஏதோ கேட்கிறாள் என்று சொல்லிக் கார்த்திகேசு உறுமிக்காரர்களுக்குக் கை காட்டினார். உறுமி தொடங்கினால் தம்பி மாத்திரை கேட்டது அமுங்கிவிடும், நவமணி வீட்டுக்குப் போய் மருந்தைக் குப்பையில் போடுவாள். குமுதாவுக்கு அது தெரிந்தது. நாலு பேர் முன்னால் துணி இல்லாமல் நிற்பது போல உடம்பு கூசியது. கூசிக்கொண்டேதான் நடுவில் போனாள். முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்தாள்.

“மருந்த நிறுத்தாதீங்கக்கா. இது ஆத்தா இல்ல. உங்க மகளுக்கு இருக்கற சீக்குதான் என் தம்பிக்கும். மாத்திர போட்டா நல்லா இருப்பான். நாந்தான் ஒளிச்சு வச்சேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல், மெண்டலா என்று கேட்டது. அவன் காலைத் தொட்ட கையை ஒருத்தி சேலையில் துடைத்துக்கொண்டாள். நவமணி மகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு குமுதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவனுக்கே இதைச் செய்தாயா என்று கேட்கிற பார்வை அது. குமுதா தலையைக் குனிந்துகொண்டாள்.

காடியில் ஏறியதும் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். உடனே கேட்கிற மருந்து இல்லை அது. செம்பனைக் காட்டைத் தாண்டும் வரை அவன் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிற குரலில் கேட்டான்.

“அடுத்த வருஷமும் நிறுத்துவியாக்கா?”

“இல்லடா” என்றாள். நம்பினானா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.