மகளுக்குப் போடாத கோடுகள்

கேள்வி சின்னதுதான். எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் இதுவரை விளையாடியவர்களில் யார் மிகத் திறமானவள்? போன கோடையில் உடற்பயிற்சிக் கூடத்தைப் புதுப்பித்தார்கள். புதுச் சுவரில் ஒரேயொரு வீராங்கனையின் சட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறோம் என்றார்கள். அந்த ஒருத்தியைத் தெரிவு செய்ய மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் அந்த அணியைக் கால் நூற்றாண்டு பயிற்றுவித்து ஓய்வு பெற்றவர். மற்றவர் விளையாட்டு அலுவலகத்தை நடத்தும் பெண்மணி. மூன்றாவது ஆள் நான்.

நான் அந்தக் கூடத்தைத் துப்புரவு செய்கிறவன். மொன்றியலுக்கு வந்த மூன்றாம் வருடம் பிடித்த வேலை, இன்னும் அதுதான். போட்டி நாட்களில் மட்டும் தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டு, ஆடுகளத்தின் ஓரத்து மேசையில் இருந்து புள்ளி எழுதுவேன். ஒருமுறை பனிப்புயல் நேரம், எழுத வேண்டிய ஆள் வரவில்லை. பயிற்றுநர் என்னைப் பார்த்து, உனக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டார். ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்குப் புள்ளி எழுதியவன் நான். தெரியும் என்று சொன்னேன். அந்த ஒரு சொல் இருபத்திரண்டு வருடமாக என்னை அந்த மேசையில் கட்டிப் போட்டிருக்கிறது. கூலி ஒரு கோப்பி. அதுவும் ஆறித்தான் வரும்.

ஆனாலும் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். என் பிரெஞ்சு அந்த நாட்களில் படு மோசம். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் முகத்தைச் சுளிப்பார். மேசையில் வாய் தேவையில்லை. எண்ணும் கோடும் போதும்.

முதல் கூட்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை பின்நேரம் வைத்தார்கள். நான் விடிய ஐந்து மணியிலிருந்து புதுத் தரையின் பெயின்ற் துகளைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். முழங்கால் இரண்டும் விண்விண் என்று வலித்தன. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அலுவலகப் பெண்மணி மடிக்கணினியைத் திறந்து, எல்லோரையும் கழித்துப் பார்த்ததில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர் என்றார்.

ஒருத்தி மொன்றியல்-நோர் பகுதியில் வளர்ந்த ஹெயிட்டிப் பெண். நெடுவல், அணியிலேயே உயரமானவள். அவள் கையில் பந்து போனால் புள்ளி விழுந்த மாதிரித்தான். அவள் அடித்த அளவு புள்ளிகளை அதற்கு முன்னும் யாரும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. இப்போது நகரத்துப் பேருந்து ஓட்டுகிறாள். நான் ஏறும்போது சில நாட்களில் அவள்தான் இருப்பாள். என்னைக் கண்டால் நான் இருக்கை பிடிக்கும்வரை பேருந்தை எடுக்கமாட்டாள். அவளுக்குத் தகுதி இல்லை என்று என் வாயால் ஒரு சொல் வராது.

மற்றவள் அவளோடு அதே மூன்று வருடம் விளையாடியவள். கட்டையான ஆள். பந்தைக் கொண்டு வருவதும் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுப்பதும் அவளுடைய வேலை. அவள் என் மகள்.

நான் எழுந்தேன். என் பிள்ளையின் பெயர் இருக்கிற இடத்தில் நான் இருப்பது சரியில்லை, வேறு யாரையும் கூப்பிடுங்கள் என்றேன். பயிற்றுநர் என் தோளைப் பிடித்து இருத்தினார். இவரைவிட நேர்மையான மேசைக்காரரை நான் இந்த நகரத்தில் கண்டதில்லை, சொந்த மகளுக்குக்கூட அரைக் கோடு அதிகமாகப் போட்டதில்லை என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் கோப்பிக் குவளையைக் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு பேரும் வாதாடத் தொடங்கினார்கள். புள்ளிகளைப் பாருங்கள் என்றார் பெண்மணி. புள்ளிகளை அடித்தவள் பந்தை வானத்திலிருந்தா எடுத்தாள், அதைக் கையில் வைத்தவள் யார் என்று பயிற்றுநர் கேட்டார். பெண்மணி கணினியைத் தட்டிப் பார்த்தார். பந்தைக் கொடுத்தவர்களின் கணக்கும் இங்கே இருக்கிறது, அதில் இவருடைய மகள் மூன்றாவதுதான் என்றார்.

"மூன்றாவதா?" என்று பயிற்றுநர் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டார். "என்னுடைய கண்ணால் பார்த்தேனே!"

"உங்கள் கண்ணைச் சுவரில் மாட்ட முடியாது. புள்ளி எழுதிய கொப்பியில் இருப்பதைத்தான் நான் பார்க்கலாம்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கொப்பி என்னுடையது. மூன்று வருடமும் என்னுடைய பென்சில். கொப்பியில் இருப்பது இருப்பதுதான் என்று சொல்லிவிட்டு ஆறிய கோப்பியைக் குடித்தேன்.

பயிற்றுநர் சோர்ந்துபோனார். என் மகளிடம் ஒரேயொரு குறைதான் இருந்தது என்றார். பந்தைக் கொடுத்த உடனே அது கூடைக்குள் போகிறதா என்று பார்க்கமாட்டாளாம். தலையைத் திருப்பி மேசைப் பக்கம் பார்ப்பாளாம். மூன்று வருடம் கத்தியும் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியவில்லை, நேரத்தைப் பார்க்கிறாள் போல என்று விட்டுவிட்டேன் என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தலையாட்டினேன்.

இந்த இடத்தில் கோடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பந்தைக் கூடைக்குள் போட்டவளுக்குப் புள்ளி. அதில் தகராறு இல்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். போடும்படி அவளுக்குப் பந்தைக் கொடுத்தவளுக்கு ஒரு கோடு. பந்தை வாங்கியவள் உடனே எறிந்து விழுத்தினால் கொடுத்தவளுக்குக் கோடு உண்டு. வாங்கியவள் தட்டித் தட்டி, ஆளைச் சுற்றி, தானாக வழி பிடித்துப் போட்டால் கோடு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு, ஒன்றரைத் தட்டு என்று ஒரு மங்கலான இடம் இருக்கிறது. அந்த இடத்தில் மேசையில் இருப்பவனுடைய மனம்தான் சட்டம்.

மற்றப் பிள்ளைகளுக்கு என் மனம் தாராளமாக இருந்தது. சந்தேகம் வந்தால் போடு என்று எழுதுவேன். என் மகளுக்குச் சந்தேகம் வந்தால் போடமாட்டேன். நாளாக நாளாகச் சந்தேகம் இல்லாத இடத்திலும் சந்தேகத்தைத் தேடத் தொடங்கினேன்.

அவள் அணியில் சேர்ந்த வருடம், கோயில் அன்னதான வரிசையில் எங்களூர்க்காரர் ஒருவர் என் பின்னால் நின்றார். மகள் விளையாட்டில் நல்லாய்ச் செய்கிறாளாமே என்று விசாரித்துவிட்டு, மற்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாக, "மகள் விளையாட அப்பா எழுதிறார், பிறகென்ன, புள்ளிக்குக் குறைவு வருமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையிலிருந்த சாதத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது ஞாபகமிருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் சபையில் மெச்சக் கூடாது. பிறத்தியார் மெச்ச வேண்டும். அப்போதும் நாங்கள், அப்படி ஒன்றுமில்லை, வீட்டில் ஒரு வேலை செய்யமாட்டாள் என்று இழுத்து விழுத்த வேண்டும். கண்ணூறு ஒரு பக்கம், நாலு பேர் என்ன சொல்லுவினம் என்ற பயம் மறுபக்கம். நான் அந்தப் பழக்கத்தை வீட்டோடு விட்டிருக்கலாம். கூடைப்பந்து மேசைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கூடத்தில் தமிழர் என்று எண்ணினால் நானும் அவளும்தான். யாருக்குப் பயந்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

முதல் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் இடையில் ஏழு நாள், ஒரு கிழமை இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் தரையைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் பேச்சுத் தயாரித்தேன். கொப்பி பிழை, நான்தான் பிழையாக எழுதினேன், பயிற்றுநரின் கண்தான் சரி. பிரெஞ்சில் அழகாகக்கூட வந்தது. ஆனால் பேச்சின் முடிவில் ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது கடமை. இன்றைக்கு, சட்டை தொங்கப் போகிற நேரத்தில் வந்து, என் மகளுக்கு இன்னும் நிறையக் கோடு வர வேண்டும் என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? பெட்டியில் இருந்த பழைய கொப்பிகளைக்கூட எடுத்துப் பார்த்தேன். போட்ட கோடு தெரிந்தது. போடாத கோட்டை எந்தத் தாளில் தேடுவது?

இரண்டாம் கூட்டம் பத்து நிமிடம்கூட இல்லை. பயிற்றுநர் என் மகள் என்றார். பெண்மணி நெடுவல் பிள்ளை என்றார். ஒன்றுக்கு ஒன்று. நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள்.

நான் நெடுவல் பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

பெண்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பயிற்றுநர் வாசலில் வெகுநேரம் குனிந்து நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். பிறகு என்னைப் பாராமல், நீ நேர்மையான ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை அவர் இந்த முறை பாராட்டாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். நகரத்தின் வில்லரேப் பகுதியில் இருக்கிறாள். நோவெடுத்த தோளையும் முழங்காலையும் பிடித்துச் சரிசெய்கிற சிகிச்சை நிலையத்தில் வேலை. தாய்க்குத் தக்காளிக் கூடை வேண்டும் என்றதால் இரண்டு பேரும் ஜான்-டலோன் சந்தைக்கு நடந்தோம். என் நடையைப் பார்த்துவிட்டு, சொல்லித்தந்த பயிற்சியை நான் செய்வதில்லை என்று ஏசிக்கொண்டே வந்தாள். சந்தையில் காலடி வைக்க இடமில்லை. மிளகாய்க் கடைக்கு முன்னால் ஒதுங்கி நின்றபோது கேட்டாள்.

"என்னப்பா, சட்டை ஆருக்காம்?"

சொன்னேன்.

"நல்லது. அவள் திறமானவள்." பக்கத்துக் கடைக் கூடையிலிருந்து தக்காளி ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தாள். "எனக்கு விழாது எண்டு தெரியும். மூண்டு பேரிலை நீங்கள் ஒராள் எல்லே."

கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. பேருந்து இன்றைக்குப் பிந்தி வரும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் என்னைப் பேச வைத்தது. அந்தச் சனக்கூட்டத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கோயில் வரிசையைச் சொன்னேன். மங்கலான இடத்தைச் சொன்னேன். எத்தனை கோடு விட்டேன் என்று எனக்கே தெரியாது பிள்ளை என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தக்காளியைத் திரும்ப வைத்தாள்.

"எனக்குத் தெரியுமப்பா."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ கொப்பியைப் பாத்தனியே?"

"கொப்பி என்னத்துக்கு? நான் பந்தைக் குடுத்திட்டு உங்கடை பென்சிலைத்தானே பாப்பன். அசையுதோ எண்டு."

கடிகாரம் அந்தக் கூடத்தில் மேசையில் இருந்ததே இல்லை. அது எதிர்ச் சுவரின் உச்சியில் இருந்தது. இருபத்திரண்டு வருடம் அந்தச் சுவரைத் துடைத்தவனுக்கு அது தெரியாதா? மூன்று வருடம் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்திருக்கிறது. நான் குனிந்த தலை நிமிராமல் நேர்மையாக இருந்திருக்கிறேன். எனக்குக் கண் கலங்கியது. மிளகாய்க் கடையில் நின்றதால் அதை மறைக்கச் சிரமம் இருக்கவில்லை.

"கோச் சொன்னதை விடுங்கோ, அலுவலகம் சொன்னதை விடுங்கோ," என்றாள். "உங்களைக் கேட்டால், ஆர் திறம்?"

"நீதான்," என்றேன்.

"கேக்கேல்லை."

உண்மையிலேயே கேட்டிருக்காது. பக்கத்தில் ஒருவன் கூடை விலையைக் கூவிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்குமுன் பழக்கதோஷத்தில் சுற்றிவரப் பார்த்தேன், எங்கள் ஆட்கள் யாரும் நிற்கிறார்களோ என்று. நின்றார்கள். கத்தரிக்காய்ப் பக்கத்தில் ஒரு புருசனும் பெண்சாதியும், கையில் பை, கோயிலில் கண்ட முகங்கள். அந்த அம்மா என்னைக் கண்டு சிரிக்கவும் தொடங்கிவிட்டார். மகளும் அவர்களைக் கண்டாள். கண்டுவிட்டுத் திரும்பி, நான் என்ன செய்கிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீதான்!" என்று கத்தினேன். "அந்த அணியிலை விளையாடின அத்தனை பேரிலையும் நீதான் திறம்!"

கத்தரிக்காய்ப் பக்கத்தில் நின்ற இருவரும் திரும்பினார்கள். கூவிக்கொண்டிருந்தவன்கூட ஒரு கணம் நிறுத்தினான். அவள் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.